போயிலர் அறையில் இருந்தவர்கள்

பஹ்மி கட்டாரிலிருந்து ஒரேயடியாக வந்து இறங்கியபோது அவனுடைய கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. கலியாணமான மறுவருடம் போனவன். இடையிடையே வந்து நின்றதெல்லாம் விருந்தாளி வந்து நிற்பது மாதிரித்தான். டோஹாவில் ஒரு பெரிய ஹோட்டலின் விருந்து மண்டபத்தில், மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தபடி நின்றே அவனுக்குக் காலம் போய்விட்டது. வந்த அன்று அஸர் தொழுதுவிட்டு வளவுக்குள் நடந்து, மாமனாரின் பழைய நெல் மில்லுக்கு முன்னால் போய் வெகுநேரம் நின்றான். திரும்பி வந்து மனைவியிடம் சொன்னான்.

"இனி நான் போகமாட்டன் றமீஸா. எனக்கு ஏலா. இந்த மில்ல வெச்சி எதையாவது செய்வம்."

கேட்டு றமீஸா சந்தோசப்பட்டாள். அந்தச் சந்தோசம் அடங்குவதற்குள் அவளுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. மில்லின் பின்பக்கத்தில், முன்பு நெல் அவிக்க நீராவி எடுத்த போயிலர் அறையில், இராசாத்தியக்காவும் புருசனும் குடியிருந்தார்கள்.

மில் ஏறாவூரில் வாவிக்கரையை ஒட்டி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கட்டடம். புகைபோக்கி தோணியில் வருகிறவர்களுக்குத் தொலைவிலேயே தெரியும். வாவிக்கு அந்தப் பக்கத்து வட்டைகளில் விளைந்த நெல் தோணிகளில் வந்து இறங்கி, தொட்டியில் ஊறி, அவிந்து, சீமெந்துத் தளத்தில் காய்ந்து, அரிசியாகி லொறியில் ஏறும். றமீஸாவின் வாப்பா அசனார் அதைத் தன் வாப்பாவிடமிருந்து பெற்றவர். தொண்ணூறாம் ஆண்டில் சண்டை மூண்டு, தமிழர் முஸ்லிம் ஊருக்குள்ளும் முஸ்லிம்கள் தமிழ் ஊருக்குள்ளும் போகப் பயந்த காலம் வந்தது. தோணிகள் நின்றன. மில்லும் நின்றது. வௌவால்கள் குடியேறின.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, கடலோரத்திலிருந்து சனங்கள் உடுத்த ஈரத்துணியோடு உள்ளே ஓடிவந்தார்கள். அசனார் மில்லின் பெரிய கேற்றைத் திறந்துவிட்டார். "ஆர் எவரெண்டு பாக்காம திறந்துட்டீங்களே" என்று பள்ளிவாசலில் ஒருவர் கேட்டதற்கு, "கடலும் பாக்கல்லயே" என்று சொல்லிவிட்டு வந்தார். வந்தவர்களில் பெரும்பாலானோர் பிறகு முகாம்களுக்குப் போனார்கள்; வீடு கிடைத்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். களுவன்கேணியிலிருந்து வந்த இராசாத்தியின் குடும்பம் மட்டும் போகவில்லை. அவளும், மீன்பிடிகாரனான புருசன் இராசதுரையும், மகன் தினேசும், மகள் உசாந்தியும் போயிலர் அறையில் தங்கினார்கள். கதவும் கூரையும் ஒழுங்காக இருந்த ஒரே அறை அதுதான்.

களுவன்கேணியில் அவர்களுக்கும் ஒரு நிறுவனம் வீடு கட்டிக்கொடுத்தது. குடிபோக நாளும் பார்த்தார்கள். அந்த வீட்டுக்குக் கதவு பொருத்தப் போன தினேசை வழியில் சண்டைக்கென்று பிடித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது அவனுக்கு மீசைகூடச் சரியாக வரவில்லை. யார் கொண்டுபோனது என்று விசாரித்தால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். உசாந்தியையும் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்து, இராசாத்தி அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. முஸ்லிம் ஊருக்குள் வந்து தமிழ்ப் பிள்ளையைத் தேட மாட்டார்கள் என்பது அவளுடைய கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. உசாந்தி போயிலர் அறையிலேயே வளர்ந்து, கிரானில் வயல் செய்யும் ஒரு கமக்காரனைக் கலியாணம் முடித்துப் போனாள்.

தினேஸ் ஒரேயொரு முறை, சண்டை நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்து பேசினான். அசனாரின் வீட்டுத் தொலைபேசிக்குத்தான் அழைப்பு வந்தது. றமீஸா ஓடிப்போய் இராசாத்தியைக் கூட்டிவந்தாள். இராசாத்தி றிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "ஓம் மனே, ஓம் மனே" என்றுதான் சொன்னாள். வைத்த பிறகு என்ன சொன்னான் என்று கேட்டபோது, "எங்கயும் போயிராதீங்கம்மா, மில்லிலயே இரிங்க, நான் அங்கதான் வருவன் எண்டு செல்றான்" என்றாள்.

அதற்கு மறுவருடம் சண்டை முடிந்தது. அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தடுப்பு முகாம்களில் விசாரித்தார்கள்; அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார்கள். பிறகு அதுவும் குறைந்தது. இராசதுரை வாவியில் வலை போட்டான். இராசாத்தி மீனை வெட்டிக் காயவைத்து விற்றாள். இருவரும் மில்லிலேயே இருந்தார்கள்.

இதையெல்லாம் பஹ்மிக்கு றமீஸா தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் விட்டவையும் உண்டு. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நின்றது இராசாத்திதான். வாப்பா வாதத்தில் விழுந்து கிடந்த காலத்தில் பின்னேரங்களில் அவரைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டுபோய் வாவிக்கரையில் காற்று வாங்க இருத்தியது இராசதுரைதான். வாப்பா மவுத்தானபோது, ஆண்கள் எல்லாரும் ஜனாஸாவோடு அடக்கத்துக்குப் போன பிறகு, அவர் படுத்திருந்த அறையைக் கழுவி, பாயை வெயிலில் போட்டு, பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தவள் இராசாத்தி. தொலைபேசியில் சொல்லும்படியான விசயங்கள் அல்ல இவை. தூரத்தில் இருக்கிறவனுக்கு இதைச் சொன்னால் குறை சொல்வது போல ஆகிவிடும்.

மில்லை விருந்து மண்டபமாக்கும் வேலை தொடங்கியது. கொழும்பிலிருந்து ஒரு கட்டடக்கலைஞர் வந்து, ஒரு செங்கல்லையும் தட்டக்கூடாது என்றார். சுவர்களில் பூச்சை உரித்துக் கல்லை வெளியே காட்டினார்கள். பெரிய சக்கரங்களுக்குக் கறுப்பு மை அடித்து அப்படியே நிறுத்தினார்கள். ஊறவைக்கும் தொட்டிகளில் மீன் விட்டார்கள். நெல் காயவைத்த தளத்தில் மேசைகள் போட்டு, வாவிக்கு மேலே பலகைத் தளம் ஒன்று கட்டினார்கள். வேலை பின்பக்கத்தை நெருங்கியபோது பஹ்மி சொன்னான்.

"போயிலர் றூம்தான் சமைக்கிற குசினிக்குத் தோதான இடம். நீ அந்த அக்காட்டச் செல்லணும், றமீஸா."

"நீங்க செல்லுங்களன்."

"நான் என்னெண்டு செல்ற? எனக்கு அவங்களோட பழக்கமில்ல. நான் செல்லினா வெரட்டுற மாதிரி இரிக்கும்."

"நான் செல்லினா மட்டும்?"

அவன் கால்களைச் சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள் வைத்தான். அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

மறுநாள் காலை றமீஸா பின்பக்கம் போனாள். இராசாத்தி மணலை மீனும் கெளுத்தியுமாக வெட்டிக்கொண்டிருந்தாள். காகங்கள் சுற்றி நின்றன. றமீஸா குந்தி உட்கார்ந்து உசாந்தியின் பிள்ளையை விசாரித்தாள். மீன் விலையை விசாரித்தாள். வெயிலைப் பற்றிச் சொன்னாள். சொல்ல வந்தது வாய்க்கு வரவில்லை. இராசாத்தி கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்கள இஞ்ச இருந்து எழும்பச் செல்லத்தானே புள்ள வந்தநீ?"

றமீஸா நிலத்தைப் பார்த்தாள்.

"எனக்கு வெளங்காமலா கிடக்கு? கல்லுப் பறிக்கிற சத்தம் கிட்டக் கிட்ட வருகுது. ஒண்ட மனிசன் எத்தனை காலம் வெளியில கிடந்தவர். அவருக்கும் ஒரு வழி வேணும்." கையை உடுப்பில் துடைத்தாள். "நான் போயிருவன் புள்ள. என்னால போகேலும். அவன் வந்து இஞ்ச கேட்டா ஆர் செல்ற?"

"நான் செல்லுவன்தானே அக்கா."

"நீ செல்லுவாய். நீ இல்லாத நேரம் வந்தானெண்டா? இவ்வளவு வெளிச்சமும் மேசையும் கதிரையுமாக் கிடக்கக்குள்ள, இதுதான் மில்லெண்டு அவனுக்குத் தெரியுமா? கேற்றடியில நிண்டு பாத்திட்டு, இடம் மாறி வந்திட்டமெண்டு கிறுகிப் போயிருவான். அவனுக்குக் கூச்சம் கூட."

றமீஸா எழும்பி வந்துவிட்டாள். குசினியை வேறிடத்தில் கட்டச் சொன்னாள். பஹ்மி முதலில் கோபப்பட்டான்; பிறகு அவனே மாமனாரின் பழைய நெல் கொட்டகையை இடித்து அந்த இடத்தில் குசினியைக் கட்டினான். போயிலர் அறைக்கு முன்னால் தென்னோலைத் தட்டி ஒன்றை மறைப்பாகக் கட்டினார்கள். அந்தப் பக்கம் மீன் காய்ந்தது. இந்தப் பக்கம் செம்பருத்தி வைத்தார்கள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் மில் ஹோட்டல் திறந்தது. பெயர்ப் பலகையில் வேறென்னவோ எழுதியிருந்தாலும் ஊரார் வாயில் அது மில் ஹோட்டல்தான். சண்டை முடிந்து, பாதைகள் திறந்து, கலியாணங்களைப் பெரிதாகச் செய்ய எல்லாருக்கும் ஆசை வந்திருந்த காலம். ஏறாவூர், காத்தான்குடிக் கலியாணங்கள் வந்தன. செங்கலடி, வந்தாறுமூலைத் தமிழர்களும் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் புகைபோக்கிக்குக் கீழே நின்று படம் எடுத்தார்கள். பஹ்மிக்குக் கால் வீக்கம் வற்றவில்லை. ஆனால் முகம் தெளிந்தது. றமீஸா குசினியையும் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்தாள். காலையில் எழும்பும்போதே களைத்திருந்தாள்.

குறைகளும் வந்தன. ஒரு மாப்பிள்ளையின் தாய் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதென்ன கருவாட்டு மணம்?" என்று கேட்டாள். இன்னொரு கலியாணத்தில், துணிக்கொடியில் காய்ந்த, இராசதுரை உடுக்கும் சாரம் மணப்பெண்ணின் படத்துக்குள் வந்துவிட்டது. பஹ்மி ஒவ்வொன்றையும் றமீஸாவிடம் வந்து சொன்னான். "நான் ஒண்டும் செல்லல்ல. நடந்தத்தச் செல்றன்" என்பான். றமீஸா அதைப் பின்பக்கம் போய்ச் சொல்லவில்லை. எப்படியோ இராசாத்திக்குத் தெரிந்தது. விருந்து நாட்களில் அவள் மீன் காயவைப்பதை நிறுத்தினாள். கொடியை அவிழ்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். அதைப் பார்க்க றமீஸாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாசி மாதம் செங்கலடியிலிருந்து ஒரு தமிழ்க் கலியாணம். தாலி கட்டு கோயிலில் முடிந்து, சாப்பாடு மில்லில். மதியம் திரும்பிய நேரத்தில், கேற்றடியில் ஓர் இளைஞன் நிற்பதை றமீஸா கண்டாள். புதுச்சட்டை, மடிப்புக் குலையாமல் இருந்தது. இடது கை முழங்கையோடு மடங்கி நீட்ட முடியாமல் இருந்தது. உள்ளே வராமல், போகாமல், புகைபோக்கியைப் பார்ப்பதும் மேசைகளைப் பார்ப்பதுமாக நின்றான். கலியாணத்துக்கு வந்தவன் என்று நினைத்து, "வாங்க தம்பி, உள்ளுக்கு வாங்க" என்றாள்.

"இல்லக்கா. அசனார் மில்லெண்டு ஒண்டு இஞ்சால இருந்ததாம். அதக் கேட்டு வந்த நான்."

"இதுதான். அசனார்ர மகள்தான் நான். நீங்க?"

"பேர் கோகுலராஜ். பெரியகல்லாறு. தடுப்பில வெச்சிருந்து, புனர்வாழ்வு முடிஞ்சி விட்டவங்க. ஊட்ட போற வழியில இறங்கின நான்." அவன் மறுபடியும் புகைபோக்கியைப் பார்த்தான். "தினேசுட அம்மா அப்பா இஞ்ச இரிக்கிறாங்களா?"

றமீஸா அவனைக் கையைப் பிடிக்காத குறையாகத் தன் வீட்டு விறாந்தைக்குக் கூட்டிப்போனாள். தண்ணீர் கொடுத்தாள். அவன் முழுவதையும் குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னான். அவனும் தினேசும் வன்னியில் ஒன்றாகவே இருந்தவர்கள். கடைசி வருடம், புதுக்குடியிருப்புக்கு அங்கால், விடியற்காலை செல் குண்டு விழுந்தது. தினேஸ் அந்த இடத்திலேயே முடிந்துபோனான். அதே செல்லில்தான் தன் கையும் இப்படியானது. இன்னொரு பொடியனும் இவனும் சேர்ந்து, கிடந்த பதுங்குகுழியிலேயே அவனை வைத்து மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

"மில்லப் பத்தித்தான் எந்த நாளும் கதைப்பான். வாவி இறால், புகைபோக்கி, இஞ்சத்த வாப்பா. வெளியில வந்தா ஒருக்கா போய்ச் செல்லிரு எண்டு ஒருத்தருக்கொருத்தர் செல்லி வெச்சிருந்தம்." எழும்பினான். "நீங்களே செல்லிருங்கக்கா. எனக்கு பஸ் இரிக்கு. ஊட்ட அம்மா பாத்திட்டு இரிப்பா."

அந்த ஒரு கணத்தில் றமீஸாவின் மனதில் வந்தது இதுதான்: இனி அவர்களுக்கு இங்கே இருக்கக் காரணம் இல்லை. தட்டியைப் பிரிக்கலாம். அந்த நினைப்போடு நெஞ்சில் ஓர் ஆறுதல் இறங்கியதை அவள் உணர்ந்தாள். உணர்ந்ததும் கூசிப்போனாள். தினேஸ் சின்னவனாக, வாப்பாவின் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு இதே விறாந்தையில் உட்கார்ந்திருந்தவன்.

"இரிங்க தம்பி," என்றாள். "நான் செல்லக் கூடா."

"ஏனக்கா?"

"நாங்க அவங்கள எழுப்பப் பாத்த ஆக்கள். இந்த இடம் எங்களுக்கு வேணும். அவங்க அவனுக்காகத்தான் இஞ்ச இரிக்கிறாங்க. இப்ப நான் போய், அவன் மவுத்தாகிட்டான் எண்டு செல்லினா அவ என்ன நெனைப்பா? நம்பமாட்டா. நம்பினாலும், ஆயுசுக்கும் அந்தச் சந்தேகம் அவட நெஞ்சில கிடக்கும். நீங்க பாத்த ஆள். நீங்கதான் செல்லணும்."

அவன் தலையைக் குனிந்து அழத் தொடங்கினான். "எனக்கு ஏலாதக்கா. அந்த முகத்தப் பாத்துச் செல்ல ஏலாது."

"ஏலாதுதான். நானும் கூட நிக்கிறன்."

அவனைச் சாப்பிட வைத்துவிட்டு அவள் குசினிக்குப் போனாள். பஹ்மி வியர்த்து ஒழுக, பாயாசக் கிடாரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனை ஒதுக்கமாகக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னாள். பிறகு, "ஒண்டு கேக்கன். அவங்க இதக் கேட்ட பிறகு, இடத்தப் பத்தி ஒரு சொல் ஒங்கட வாயில வரக்கூடா. இண்டைக்கும் கூடா, பொறகும் கூடா" என்றாள்.



"நான் மனிசனில்லயா, றமீஸா?" என்றான். தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தான். "நீ போ. நான் இஞ்சத்தப் பாக்கன். பாட்டுப் பெட்டியக் கொஞ்சம் கொறைக்கச் செல்லவா?"

"வேணாம். அது அப்பிடியே போகட்டும்."

போயிலர் அறைக் கதவு சாத்தியிருந்தது. றமீஸா தட்டினாள். இராசதுரை உள்ளே வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். இராசாத்தி நிலத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். றமீஸாவுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்ததும் இராசாத்தி எழும்பி உட்கார்ந்தாள். அவனுடைய வயதையும் கையையும் பார்த்தாள். இப்படி ஒருவன் வருவான் என்று நெடுநாள் பயந்திருந்தவளைப் போல, அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டாள்.

"எண்ட மகனோட இருந்தநீங்களா?"

"ஓம் அம்மா."

"இருக்கானா?"

கோகுலராஜ் இல்லையென்று தலையை ஆட்டினான். அந்த ஆட்டலில் பிழையாக விளங்குவதற்கு ஒன்றும் இல்லை. இராசதுரையின் கையிலிருந்த ஊசி வலைக்குள் விழுந்தது. அவன் அதைத் தேடினான், தேடிக்கொண்டே இருந்தான்.

இராசாத்தி அழவில்லை. வந்தவனை உட்காரச் சொன்னாள். எந்த இடம், எந்த மாதம், யார் யார் நின்றார்கள் என்று கேட்டாள். மண்ணைப் போடும்போது முகத்துக்குத் துணி போட்டீர்களா என்று கேட்டாள். தன் சாரத்தால் மூடியதாக அவன் சொன்னான்.

"பசியோடயா மனே போனவன்?"

"இல்லம்மா. அதுக்குக் கொஞ்சம் முதல்தான் கஞ்சி குடிச்ச. எண்ட பங்கிலயும் அவனுக்கு ஊத்தின நான்."

அதைக் கேட்டதும் அவள் அந்தப் பொடியனின் மடங்கிய கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வாய் திறந்தது. சத்தம் வரப்போகிறது என்று றமீஸா நினைத்தாள். தட்டிக்கு அங்கால் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ பெண் மாப்பிள்ளையைக் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். இராசாத்தி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"அழுங்கக்கா," என்றாள் றமீஸா. "ஆரும் ஒண்டும் நெனைக்கமாட்டாங்க. நெனைச்சா நெனைக்கட்டும்."

இராசாத்தி தலைப்பை எடுத்தாள். "அங்க தாலி கட்டின பொண்ணு இரிக்கு புள்ள. அந்தப் புள்ளைட காதில ஒப்பாரி விழப்படாது." புருசனைப் பார்த்தாள். "இஞ்சாருங்க. தோணிய எடுங்க."

இராசதுரை எழும்பினான். வலையை மிதித்துக்கொண்டே போனான். பின்பக்கத்துக் கரையில் கட்டிக்கிடந்த தோணியை அவிழ்த்து, அவளைப் பிடித்து ஏற்றினான். கோகுலராஜும் றமீஸாவும் கரையில் நின்றார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தோணி கண்டல் மரங்களைத் தாண்டி, வாவியின் நடுப்பக்கத்துக்குப் போய் நின்றது.

அங்கே போய்த்தான் அவள் அழுதாள். தண்ணீரில் சத்தம் தூரம் வரும். ஆனால் காற்று அந்தப் பக்கம் அடித்ததாலும், பாட்டுப் போட்டிருந்ததாலும் கரைக்கு வந்தது ஏதோ பறவைச் சத்தம் போலத்தான் இருந்தது. பலகைத் தளத்தில் நின்ற கலியாண வீட்டுக்காரர் சிலர், சாய்கிற வெயிலில் தோணியும் அதில் இரண்டு பேரும் அழகாக இருப்பதாகச் சொல்லிப் படம் எடுத்தார்கள். றமீஸா அதைப் பார்த்தாள். தடுக்கத் தோன்றவில்லை. என்னவென்று சொல்லித் தடுப்பது?

கோகுலராஜ் அன்று பஸ்ஸில் போகவில்லை. பஹ்மி தன் வானில் அவனைப் பெரியகல்லாறு வரை கொண்டுபோய் விட்டான். கலியாண வீட்டார் கணக்கு முடிக்கத் தேடியபோது முதலாளி ஊரிலேயே இல்லை.

பிறகு ஒரு கிழமை முழுதும் றமீஸா இராசாத்தியின் வீட்டு உலையைத் தன் அடுப்பிலேயே ஏற்றினாள். துக்க வீட்டுச் சோறு இறைச்சி சமைத்த சட்டியில் படக்கூடாது என்று தனிச் சட்டி வாங்கினாள். உசாந்தி கிரானிலிருந்து வந்து அழுதுவிட்டுப் போனாள். இராசாத்தி கொடுத்ததைச் சாப்பிட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு காலையில் றமீஸா போனபோது பானைகள் சாக்குக்குள் கட்டப்பட்டிருந்தன. இராசதுரை கொடிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா இது?"

"களுவன்கேணிக்குப் போறம் புள்ள. எங்களுக்குக் கட்டின ஊட்டு வளவத் துப்பரவாக்கி இரிக்கு. கதவுதான் இல்ல, அது போட்டிரலாம்."

றமீஸாவுக்கு அழுகை வந்தது. எத்தனையோ தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்த நாள் இது. இப்படித் தலைகீழாக வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"போகாதீங்கக்கா. அவர் ஒண்டும் செல்லமாட்டார், நான் சத்தியம் வாங்கித்தான் வெச்சிரிக்கன். ஒங்களுக்கு இஞ்ச என்ன கொறை? அந்தப் பத்தைக் காட்டுக்குள்ள போய் ரெண்டு பேரும் தனிய என்ன செய்யப் போறீங்க?"

"அவருல எனக்கு ஒரு கோவமுமில்ல. அந்தப் பொடியன நீ என்னட்ட கூட்டி வந்தாய். நீயே வந்து செல்லியிருந்தா நான் ஒன்ன வெறுத்திருப்பன். அது எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும்." இராசாத்தி சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். "இவ்வளவு காலமும் கேற்றடியில ஒரு காது வெச்சிட்டே கிடந்தன். வான் வந்தா, சைக்கிள் வந்தா, நாய் குலைச்சா. நித்திரையிலயும் அந்தக் காது முழிச்சிட்டுத்தான் கிடக்கும். இனி அது தேவையில்ல. இஞ்ச கிடந்தா அது நிக்காது புள்ள. பழகிட்டு. எனக்குக் களைச்சுப் போச்சி."

றமீஸா சாக்கின் மறுபக்கத்தைப் பிடித்தாள். பஹ்மி வந்து மற்றச் சாமான்களை வானில் ஏற்றினான். இராசதுரை தோணியைக் கிரானிலுள்ள மருமகனுக்கென்று விட்டுவிட்டு வலையை மட்டும் எடுத்துக்கொண்டான். "கடல் வலை வேற. ஆனாலும் கிடக்கட்டும்" என்றான்.

அவர்கள் போன பிறகு போயிலர் அறை சும்மா கிடந்தது. வேலைக்காரர்கள் இரண்டு தடவை கேட்டும் பஹ்மி பிறகு பார்க்கலாம் என்றான். கடைசியில் மழைக்கு நனையாமல் கதிரைகளை அடுக்க இடமில்லாமல் போய், அதில் கதிரைகளை அடுக்கினார்கள். தட்டியைப் பிரித்தார்கள். தட்டி நின்ற இடத்தில் செம்பருத்தி நன்றாகப் பிடித்திருந்தது.

தினேசுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை செய்ய இராசாத்தி நாள் வைத்தாள். இறந்த திகதி சரியாகத் தெரியாததால், செய்தி வந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டார்கள். றமீஸாவால் அன்று போக முடியவில்லை. மில்லில் பெரிய விருந்து. இரண்டு நாள் கழித்து ஓட்டோ பிடித்துப் போனாள். கடற்காற்றுக்கு வீட்டின் ஒரு பக்கச் சுவர் கறுத்திருந்தது. புதுக்கதவு போட்டிருந்தார்கள். இராசதுரை வெளியே வலையை விரித்து ஈயக்குண்டு கட்டிக்கொண்டிருந்தான். கோகுலராஜ் அன்று காலையில் வந்து படையலுக்கு உதவி செய்து, ஒரு நாள் நின்றுவிட்டுப் போனதாகச் சொன்னான்.

"அக்கா எங்க?"

"உள்ளுக்குக் கிடக்காள். இஞ்ச வந்ததிலயிருந்து நித்திரைதான். சோத்தத் திண்டா நித்திரை. மத்தியானமும் நித்திரை. முதல்ல பயந்த நான். மறுகா, கிடக்கட்டுமெண்டு விட்டுட்டன்."

றமீஸா மெதுவாக உள்ளே போனாள். இராசாத்தி பாயில் மல்லாந்து, வாய் கொஞ்சம் திறந்திருக்க, கைகளைப் பரப்பிப் போட்டு உறங்கிக்கொண்டிருந்தாள். அப்படிக் கைகளை விரித்து அவள் உறங்கி றமீஸா கண்டதில்லை. கொண்டுவந்த பாத்திரத்தை மூலையில் வைத்தாள். அந்தச் சத்தத்துக்கும் அவள் விழிக்கவில்லை.

பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. றமீஸா வாசலுக்கு வந்து பேசினாள். நாளைக்கு ஒரு வலீமா விருந்து. சாப்பாடு வைக்கிற சஹன்களை எங்கே வைத்திருக்கிறாய் என்று பஹ்மி கேட்டான். இடத்தைச் சொன்னாள்.

"எத்தன மணிக்கு வருவாய்?"

"வாறன். கொஞ்ச நேரம் செல்லும்."

"அக்கா எப்பிடி?"

"நித்திரை கொள்றா."

"அப்ப எழுப்பாத," என்றான் பஹ்மி.

அவள் திரும்ப உள்ளே வந்தாள். எழுப்பாமல் காத்திருக்கலாம் என்று பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோதுதான் முதுகு எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது. சீமெந்துத் தரை குளிர்ச்சியாக இருந்தது. பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, இராசாத்தியின் பக்கத்தில் கொஞ்சம் சரிந்தாள். கடல் இரைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இராசதுரை தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான். பெண்கள் இருவரும் உறங்குவதைப் பார்த்துவிட்டு, செம்பைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் புதுக்கதவைச் சாத்தினான்.